மணாலியில் பனி விழுமா? எந்தக் கணிப்பை எதற்கு நம்பலாம்

ஜனவரியில் மணாலிக்கு டிக்கெட் போட்டவர்கள் தினமும் போனைத் திறந்து பார்ப்பது மேகத்துக்குக் கீழே தொங்கும் பனித்துகள் ஐகானைத்தான். ஒப்பிட வேண்டிய கணிப்புகளில் முதலில் கழித்துக்கட்ட வேண்டியதும் அதுதான்.

காரணம் உயரம். மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர். கொஞ்சம் மேலே சோலாங் 2,500 மீட்டர். ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். கணினியில் வானிலையைக் கணிக்கும் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் பூமியைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஐரோப்பிய மாடலான இசிஎம்டபிள்யூஎஃப் 9 கிலோமீட்டர். அப்படி ஒரு கட்டத்துக்குள் பியாஸ் ஆற்றங்கரையும் நாலாயிரம் மீட்டர் முகடும் சேர்ந்தே அடங்கிவிடும். ஆகவே மாடலின் கணக்கில் உள்ள மணாலி, நிஜ மணாலியைவிட மேலே, கூடுதல் குளிரில் இருக்கிறது. இதைச் சரிவரத் திருத்தாத ஆப் பனி என்று காட்டும். மால் ரோட்டில் குடை பிடித்து நடப்பீர்கள்.

சரி, அந்த இரண்டு மாடல்களில் எது? சென்னையில் புயல் சீசனில் நடக்கும் அதே பட்டிமன்றம்தான். இங்கே பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றழுத்தத் தாழ்வு. அது வருமா, எந்த நாளில் வரும் என்பதை ஐந்தாறு நாள் முன்னால் தெரிந்துகொள்ள என் ஓட்டு ஐரோப்பிய மாடலுக்கு. ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓடும். காலையில் கொட்டும் என்று சொன்னதை மாலையில் மறந்துவிடுவதும் உண்டு. ஆனாலும் சாட்சியாக உதவும்: இரண்டும் ஒரே தேதியைச் சொன்னால் தைரியமாக ரூம் போடலாம்.

விண்டி ஆப்பில் இரண்டுமே கிடைக்கும். அங்கே பனி எத்தனை சென்டிமீட்டர் என்று பார்க்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது பொதுக் கணக்கு; ஈரப்பனி அதில் பாதிதான் தேறும். பார்க்க வேண்டியது பூஜ்ஜியம் டிகிரி மட்டம், அதாவது வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் இடம், எந்த உயரத்தில் என்பது. பனி அதற்குக் கீழே சுமார் 300 மீட்டர் வரை உருகாமல் இறங்கும். மட்டம் 2,600 மீட்டர் என்றால் சோலாங் வெள்ளையாகும், மணாலி நனையும். மழை வலுத்தால் உருகும் பனியே காற்றைக் குளிர்வித்து, பனி உருகாமல் இறங்கும் எல்லை இன்னும் கீழே வரும். மணாலி ஊருக்குள் இரவோடு இரவாகப் பனி கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிம்லா மையத்தைப் பலர் கிண்டல் செய்வார்கள். சென்டிமீட்டர் கணக்கு இல்லாமல் 'ஓரிரு இடங்களில்' என்று முடித்துவிடுகிறதாம். அந்தச் சொல்லுக்கும் கணக்கு உண்டு: அந்தப் பகுதியின் வானிலை நிலையங்களில் 25 சதவீதம் வரை மழையோ பனியோ பதிவாகும். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் 75 சதவீதத்துக்கு மேல். குஃப்ரி, ஜோத், முராரி தேவி ரேடார்கள் அவர்களுடையவை என்பதால், அடுத்த சில மணி நேரத்துக்கு வெளிநாட்டு மாடல்கள் இவர்களிடம் நிற்க முடியாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் சோலாங்குக்கு மேலே வண்டி விடுவார்களா என்பதே சந்தேகம். அந்த நாளில் ஐரோப்பிய மாடல் என்ன சொன்னால் என்ன?

பனிச்சரிவு இவை எதிலும் வராது. அதற்கு டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங்கைத் தவிர்க்கிறதே தவிர, இரு பக்கமும் அதற்குப் போகும் சாலை பனி சரியும் மலைச்சரிவுகளுக்கு அடியில்தான் போகிறது. சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிசு போகிற திட்டம் இருந்தால், பனி எவ்வளவு என்று தேடுவதற்கு முன்னால் அந்த எச்சரிக்கையைப் பாருங்கள்.