ஸ்பேனரில் பேர் எழுதப் போய்: மார்க்கர், பெயிண்ட், கிளியர் கோட், செதுக்கி

பர்மனென்ட் என்று தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மார்க்கரால் என் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரில் பேர் எழுதினேன். மூன்றாம் நாள் கிரீஸ் கையோடு வேலை பார்த்துவிட்டு, தின்னர் தொட்ட பழந்துணியால் துடைத்தேன், கிரீஸோடு பேரும் துணிக்குப் போய்விட்டது. அதிலிருந்து ஆரம்பித்த ஆராய்ச்சி இது. பொருள் மேல் அழியாத அடையாளம் போட என்னென்ன கிடைக்கிறதோ அதில் பெரும்பாலானதை வாங்கிப் பார்த்தாகிவிட்டது.

முதலில் அந்த மார்க்கர். அதில் இருப்பது ஆல்கஹாலில் கரைந்த சாயமும் கொஞ்சம் பிசினும். அட்டையில் எழுதினால் நாருக்குள் ஊறிவிடும், அதனால் அங்கே அது நிஜமாகவே பர்மனென்ட். இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் ஊற இடம் ஏது? மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கும், ஆல்கஹால் பட்டால் எழுந்து போய்விடும். வெயிலில் வைத்தால் சாயம் வேறு வெளுக்கும். அட்டைப் பெட்டிக்கும் மாஸ்கிங் டேப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய் சார்ந்த பெயிண்ட் மார்க்கர். யூனி பெயிண்ட் பிஎக்ஸ்-20, எடிங் 750 எல்லாம் இந்த ஜாதி. சாயத்துக்குப் பதில் நிறமித்தூள் என்பதால் கறுப்பு மேல் வெள்ளை எழுதினாலும் பளிச்சென்று தெரியும், வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் மசியாது. பிடித்துப் பழக ஒரு பக்குவம் வேண்டும். மூடியைப் போட்டபடியே, உள்ளே குண்டு கடகடவென்று உருளும்வரை குலுக்க வேண்டும், அப்புறம் முனையை ஒரு வேஸ்ட் அட்டையில் அமுக்கி அமுக்கி பெயிண்ட் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இதை நேராகப் பொருள் மேலேயே செய்தவன் நான், முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் குளம்தான் இருந்தது. வாடையும் தூக்கலாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் அதை நம்பி உடனே பெட்டிக்குள் போடாதீர்கள், ஒரு நாளாவது சும்மா கிடக்கட்டும்.

ஆனால் எந்தப் பேனா வாங்குகிறோம் என்பதைவிட எழுதுவதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் பெரிய விஷயம், இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு பேனா செலவானது. கை பட்ட எந்தப் பொருளிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்கு லேசாகத் தேய்த்து, மறுபடி துடைத்து, அதற்கப்புறம் விரல் வைக்காமல் எழுதிப் பாருங்கள். ஒரே மார்க்கர்தான், இரண்டு ஸ்பேனர்தான். தேய்க்காத ஸ்பேனரில் நகத்தால் சுரண்டினதும் எழுத்து செதிலாக வந்தது, தேய்த்ததில் நகம்தான் தேய்ந்தது.

போஸ்கா மாதிரியான நீர் சார்ந்த மார்க்கர் மரத்துக்கும் கல்லுக்கும் அருமை. வாடை இல்லை, வண்ணங்களும் ஏராளம். வழவழப்பான உலோகத்தில் மட்டும் தோல் உரிவது போல உரிந்துவிடும்.

நடுவில் நெயில் பாலிஷையும் விட்டுவைக்கவில்லை. சாவிக்கு ஒரு பொட்டு வைக்க அதைவிட எளிதான தூரிகை கிடையாது. சாவி ஒன்றோடொன்று உரசும்போது ஓரம் பெயரும், பெயர்ந்தால் இன்னொரு பொட்டு, அவ்வளவுதான்.

இப்போது கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு. எழுத்து அழியாமல் இருக்க மேலே ஒரு பூச்சு அடித்தால் போதும் என்று சொல்வார்கள், நானும் நம்பினேன். பர்மனென்ட் மார்க்கரில் அழகாக எண் போட்ட ஒரு பெட்டி மேல் லேக்கர் ஸ்பிரேயை (கரைப்பான் கலந்த கிளியர் பூச்சு) தாராளமாக அடித்தேன். அடித்த கொஞ்ச நேரத்திலேயே கறுப்பு எழுத்தைச் சுற்றி ஊதா வளையம் படர்ந்தது, 8 எது 3 எது என்றே தெரியவில்லை. டப்பா மேல் குற்றமில்லை, ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் மார்க்கர் சாயத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டது. மார்க்கர் எழுத்துக்கு மேல் நீர் சார்ந்த வார்னிஷ்தான் பத்திரம். லேக்கரே வேண்டும் என்றால், கீழே நன்றாகக் காய்ந்த எனாமல் (எண்ணெய் சார்ந்த பெயிண்ட்) இருக்க வேண்டும், 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து பனி விழுந்த மாதிரி மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். அப்போதும் மூலையில் ஒரு எழுத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இரண்டு பாகம் கலக்கும் டூ-கே கிளியர் பெட்ரோலுக்கே அசையாதுதான், ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஒரு ஸ்பேனருக்காக நுரையீரலைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

தினமும் உரசும் பொருளுக்கு என் ஓட்டு மின் செதுக்கிக்குத்தான். நேராகக் கரண்டில் ஓடுவது, நுனியில் டங்ஸ்டன் கார்பைடு, நிமிடத்துக்கு 6000 தடவை கொத்துகிறது. கையெழுத்து முதல் நாள் பாலர் வகுப்பு மாதிரி நடுங்கும், பழைய தகட்டில் பழகிவிட்டு வாருங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். செதுக்கிய பள்ளத்தில் பல்குச்சியால் வெள்ளை எனாமலை நிரப்பி, கொஞ்சம் இறுகியதும் தின்னர் லேசாகத் தொட்ட துணியை ஒரு அட்டைத் துண்டில் இழுத்துச் சுற்றி மேலாக ஒரு இழுப்பு இழுத்தால், பள்ளத்தில் இருப்பது மட்டும் நிற்கும். துணி தொளதொளவென்று இருந்தால் பள்ளத்துக்குள் புகுந்து அதையும் வழித்துவிடும். பெயிண்ட் என்றைக்காவது போனாலும் பள்ளம் எங்கே போகும்?

பிளாஸ்டிக்கில் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று இருந்தால் அது பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், எந்தப் பெயிண்டும் மனசு வைத்து ஒட்டாது. இவற்றுக்கென்றே விற்கும் ஒட்டுப் பிரைமரை (பெயிண்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) முதலில் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் செதுக்கிவிடலாம். ஹெல்மெட்டில் மட்டும் கரைப்பான் உள்ள எதையும் வைக்காதீர்கள், பாலிகார்பனேட் போன்ற ஓடுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும்.

ரப்பர் பிடி உள்ள சுத்தியலுக்கு இன்னும் எதுவும் சரிப்படவில்லை. வளைகிற இடத்தில் பெயிண்ட் வெடித்துவிடுகிறது, செதுக்கினால் ரப்பர் பிய்கிறது. இப்போதைக்கு அதன் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறேன்.