கொழும்பு வெயிலில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை

சென்ற ஆண்டு மாசி மாதம் சிவனொளிபாத மலைக்குப் போனபோது, நல்லதண்ணியில் வழியோரக் கடையொன்றில் வாங்கிய கையுறை பாதி மலை ஏறுமுன்பே பனிமூட்டத்தில் நனைந்து, படியோர இரும்புக் கம்பியைப் பிடித்த விரல்களை விறைக்கச் செய்துவிட்டது. கம்பளி என்று சொல்லித்தான் தந்தார்கள். அது வெறும் அக்ரிலிக் செயற்கை நூல். 2,243 மீற்றர் உயரத்தில், கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தபோதே, அடுத்த பருவத்துக்குள் அசல் கம்பளியில் ஒரு சோடி தேடிவிடுவதென்று முடிவு செய்தேன்.

கொழும்பில் கம்பளிக் கையுறை தேடுவதாகச் சொன்னால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் குளிர்நாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழைய உடுப்புகளில், நம் வெக்கைக்கு ஒவ்வாதவையே கடைசிவரை விலைபோகாமல் கிடக்கின்றன என்பதால், நல்ல கம்பளி இங்கே மலிவாகவே கிடைக்கிறது. நான் போன கடை புறக்கோட்டையில், சாரக் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. மின்விசிறியும் ஒன்றுதான்.

கடைக்கார நானாவிடம் பிடித்த குணம், அவர் பொருளைச் சோதிக்க விடுவது. கையுறையின் உட்புறத்தில் தொங்கிய நூலொன்றைக் கத்தரித்துத் தந்து, "கொழுத்திப் பாருங்க தம்பி" என்று தீப்பெட்டியையும் நீட்டினார். நூல் மெதுவாகக் கருகி, தீக்குச்சியை விலக்கியதும் தானாக அணைந்து, தலைமயிர் எரிந்த வாடையை விட்டது. சாம்பலை விரலால் நசுக்கியபோது தூளாயிற்று. அக்ரிலிக் என்றால் குபீரென்று பற்றி உருகி, கடினமான கறுப்பு மணியாக இறுகியிருக்கும்.

சாம்பல் நிறமான அந்தச் சோடியில், விரல்கள் தைத்து ஒட்டப்படாமல் வட்டமாகவே பின்னப்பட்டிருந்தன. பெருவிரலின் அடியில் தனியாக ஒரு முக்கோணம் விட்டுப் பின்னியிருந்ததால், கைத்தடியைப் பிடித்தாலும் உள்ளங்கை இழுபடவில்லை. வலது சுட்டுவிரல் நுனியை முன்பு யாரோ சற்றுக் கருமையான நூலால் இழையோட்டியிருந்தார்கள். நான் எடுத்ததற்கு அந்தப் பொறுமையான தையலும் ஒரு காரணம். விலை 1,200 ரூபா. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் கையில் ஈரமாகத் தெரியாது என்பதை, இவ்வாண்டு அதே மலையில் அதே பனிமூட்டத்தில் உணர்ந்தேன்.

மேலங்கிகளின் கதை வேறு. நானா பெருமையோடு எடுத்துக் காட்டிய தடித்த கம்பளி ஜாக்கெட்டொன்று வெள்ளைக்காரத் துரையொருவர் தோட்டத்தில் அணிந்ததாம். உட்பட்டியிலோ, தூய கம்பளிக்கு அடையாளமான, நூற்கண்டு போன்ற வூல்மார்க் சின்னம் இருந்தது. அச்சின்னம் 1964இல்தான் அறிமுகமாயிற்று என்று சொன்னேன். துரை தாமதமாகக் கப்பலேறியிருக்கலாம் என்று நானா சிரித்தார். தையலும் உலோக ஜிப்பும் குறைசொல்ல முடியாதவை. ஆனால் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தபோது முதுகெங்கும் அந்துப்பூச்சி அரித்த துளைகள் தெரிந்தன. 6,500 ரூபாவுக்கு அது தகாது. மழைக்கோட்டுகளைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். அவற்றின் உட்பூச்சு நம் கடலோரப் புழுக்கத்தில் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிகிறது. வாங்கும்போது நன்றாக இருப்பதும் இங்கே அலமாரியில் வைத்தால் நெடுங்காலம் தாங்காது.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில் சிறிது ஷாம்பு விட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் வைத்து அமர்த்தி, நிழலில் பரப்பி உலர்த்துவது நல்லது. நன்றாக உலர்ந்தபின் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் பூச்சி அண்டாது.

கார்த்திகைக்கு முன்பே போனால் தெரிவுக்கு அதிகம் கிடைக்கும். மலைப் பருவம் தொடங்கியதும் நல்லவற்றை மலையகத்து வியாபாரிகள் மொத்தமாக அள்ளிப்போய்விடுகிறார்களாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாவுக்காகக் கடை சாத்தியிருக்கும்.