மலிவுக் கருவியா, விலைகூடிய கருவியா: எதில் காசைப் போடலாம், எதில் கையை இறுக்கலாம்?

ஒரு 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டு. லேசாகத் துருப்பிடித்திருந்தது, அவ்வளவுதான். கையில் இருந்தது செட்டாக வாங்கிய மலிவு ஃபிக்ஸ் ஸ்பேனர். மாட்டி ஓர் இழு இழுத்தேன்; ஸ்பேனரின் வாய் கண் முன்னாலேயே விரிந்தது. கொண்டைமேல் வழுக்கி, என் விரல்முட்டி பக்கத்துத் தகட்டில் போய் இடித்தது. இரண்டாவது இழுப்பில் கொண்டையின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. அதற்கப்புறம் வைஸ் கிரிப், உளி, சுத்தியல், கடைசியில் டிரில் போட்டு எடுத்தது என்று அரை நாள் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் ஸ்பேனருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரிந்த வாய் பழையபடி சுருங்கிக்கொண்டு இன்றும் பெட்டியில் பளபளவென்று கிடக்கிறது.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. "எத்தனை வருஷம் உழைக்கும்" என்பதெல்லாம் அப்புறம். கருவி கைவிட்டால் அடி யாருக்கு? தானே உடைந்து அதோடு முடிகிறதா, செய்கிற வேலையைக் கெடுக்கிறதா, கையைக் கிழிக்கிறதா? முதல் வகை என்றால் மலிவே போதும். மற்ற இரண்டும் என்றால் காசை அங்கேதான் போட வேண்டும்.

ஸ்பேனர், சாக்கெட், ராட்செட்

எம்8 போல்ட்டின் கொண்டை 13 மி.மீ. என்கிறோம். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் அளவுப்படி அது 12.73 வரை குறையலாம், 13-ஐத் தாண்டக்கூடாது. ஸ்பேனர் வாயோ 13-ஐவிடத் துளி கூடுதலாக இருந்தால்தான் நுழையும். ஆக, எவ்வளவு உசத்தியான ஸ்பேனரிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கவே செய்யும். நல்லதில் அது மட்டாக இருக்கும். மலிவில் ஒன்று, வாய் அளவே தாறுமாறாக இருக்கும். அல்லது எஃகு மெத்தென்று இருந்து, இழுக்கும்போது விரிந்து கொடுக்கும். ஆட்டம் கூடக் கூட, நாம் போடும் பலம் முழுக்கக் கொண்டையின் முனைகளில் போய் உட்காருகிறது. முனை மழுங்குவது அதனால்தான்.

மேலே "குரோம் வனேடியம்" என்று அடித்திருக்கிறதே என்பார்கள். அந்த எழுத்து எஃகில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அதைச் சரியான சூட்டுக்கு ஏற்றி, தோய்ச்சல் கொடுத்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்த்து எடுத்தார்களா என்பதைச் சொல்லாது. பதம் குறைந்தால் வாய் விரியும். கடினம் கூடிப்போனால் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். விலைகூடிய கருவியில் நாம் வாங்குவது முக்கியமாக இந்தப் பதத்தைத்தான். அதோடு, பெட்டியில் உள்ள பன்னிரண்டு ஸ்பேனரும் ஒரே பதத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையையும்.

ஆனால் மலிவுக்கும் இங்கே ஒரு நல்ல காலம் வந்திருக்கிறது. முனையில் பிடிக்காமல் பக்கத்தில் பிடிக்கும்படி, கொண்டைமேல் தொப்பிபோல் கவியும் சாக்கெட்டின் உள்முகத்தை வளைத்துச் செய்யும் முறையை அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் 1960-களில் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்து, இன்று சாதாரண சாக்கெட் செட்டுகளிலும் அந்த வளைவு இருக்கிறது. அதனால் என் கணக்கு இப்படி: உசத்தியான ஃபிக்ஸ் ஸ்பேனரைவிட மலிவான ஆறுமுனை சாக்கெட் மேல். பன்னிரண்டு முனை வேண்டாம். மாட்டச் சுலபம், இறுகிய போல்ட்டில் அதே சுலபத்தோடு வழுக்கும்.

சாக்கெட்டைச் சுழற்றும் ராட்செட் வேறு கதை. உள்ளே 24 பல் இருந்தால் ஒவ்வொரு முறையும் 15 டிகிரி திருப்பினால்தான் அடுத்த பல் விழும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இண்டு இடுக்கில் கை வைக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறிதாகிவிடும். மலிவில் 72 பல் வாங்கி முழு பலத்தையும் போட்டால் பல் தாவும். தாவினால் மறுபடியும் விரல்முட்டிதான். மலிவு என்றால் பல் குறைந்த ராட்செட்டை வாங்கி, இறுகிய நட்டைத் தளர்த்த மட்டும் தனியாக ஒரு நீண்ட பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டும் வெறும் கைப்பிடித் தண்டு) வைத்துக்கொள்ளலாம். அதில் பல்லும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. கெட்டுப்போவதற்கு அதிகமாக எதுவும் கிடையாது.

பிளேயரும் மின்சாரமும்

வாட்டர் பம்ப் பிளேயரில் மலிவுக்கும் உசத்திக்கும் உள்ள தூரத்தைக் கையாலேயே உணரலாம். மலிவில் குழாயைப் பிடித்து அழுத்தும்போது நடு இணைப்பு ஒரு காடி தாவி, இரண்டு கைப்பிடிக்கும் நடுவே உள்ளங்கைச் சதை மாட்டும். ஜெர்மனியின் நிபெக்ஸ் செய்யும் கோப்ரா வகையில் பொத்தானை அழுத்தினால்தான் காடி மாறும். பற்களின் சாய்வும் அப்படி. குழாயைக் கவ்வியபின் அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை, திருப்பத் திருப்பத் தானே இறுகும். என் பெட்டியில் விலையைப் பார்த்துத் தயங்கி வாங்கி, பிறகு ஒருநாளும் வருத்தப்படாத பொருள் இதுதான்.

கட்டிங் பிளேயர் வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தால், மெல்லிய செம்பு இழை ஒன்று வெட்டுப்படாமல் மடங்கித் தொங்கும். பிராண்ட் எதுவானாலும் அதை வாங்காமல் வைத்துவிடுங்கள்.

மின்சார வேலைக்கான கருவியில் மட்டும் பேரமே கிடையாது. கைப்பிடியில் சிவப்பு ரப்பர் இருப்பதெல்லாம் காப்பு ஆகாது. பல பிளேயர்களில் அது பிடிமானத்துக்குத்தான். ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேச மின்தரத்தின்படி செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 V என்ற எழுத்தும் இருக்கும். 1000 V மாறுமின்னோட்டம் வரை பயன்படுத்தத்தக்கது என்று பொருள். சோதனையோ 10,000 வோல்ட்டில் நடக்கும். அந்தக் குறியையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால் நம்பகமான விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். கருவி எதுவானாலும் மெயின் சுவிட்சை அணைப்பது தனி.

ஸ்க்ரூ டிரைவர்

இதில் பிராண்டைவிட முனைப் பொருத்தம் பெரிது. நாம் ஸ்டார் என்று ஒரே பெயரில் அழைப்பதில் குறைந்தது மூன்று இனம் இருக்கிறது: பிலிப்ஸ், போசிட்ரைவ், ஜப்பானிய ஜே.ஐ.எஸ். போசிட்ரைவ் தலையில் சிலுவைக்கு இடையே நான்கு மெல்லிய கீறல் தெரியும், ஜே.ஐ.எஸ். தலையில் பெரும்பாலும் ஒரு புள்ளி இருக்கும். இனம் மாறினால் எவ்வளவு விலைகூடிய டிரைவரும் தலையை அரைத்துவிடும். இரண்டாம் எண் பிலிப்ஸ் ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கிக்கொண்டு மற்றதை மலிவில் விட்டுவிடலாம். அதிகம் சுழல்வது அதுதான். அலன் கீயிலும் இதே கதை. முனை மழுங்கிய மலிவு கீ ஒன்று பத்து ஸ்க்ரூவின் குழியைப் பாழாக்கும்.

மரவேலை: உளியும் ரம்பமும் எதிரெதிர்த் திசையில்

மலிவு உளிக்கும் உசத்தி உளிக்கும் உள்ள முதல் வித்தியாசம் உங்கள் ஒரு நாள். உசத்தி உளியின் பின்முகம் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். சாணைக்கல்லில் சில நிமிஷம் தேய்த்தால் கண்ணாடி போலாகிவிடும். மலிவில் பின்முகம் குழிந்தோ புடைத்தோ இருக்கும். மைப்பேனாவால் பின்முகம் முழுக்கக் கிறுக்கிவிட்டுக் கல்லில் தேய்த்துப் பாருங்கள்: மூலைகளில் மட்டும் மை போயிருந்தால் சாயங்காலம் வரை அங்கேயேதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

பொறுமை இருப்பவருக்கு ஒரு செய்தி. மலிவு உளி முதல் வாரத்தில் சட்டென்று முனை மடங்கினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது மெல்லிய முனை மட்டும் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். ஒன்றிரண்டு மி.மீ. தேய்த்து உள்ளே போனால் நல்ல எஃகு தட்டுப்படும். என்னிடம் உள்ள ஒன்று அப்படித்தான் மூன்றாவது தீட்டலுக்குப் பிறகு ஆளே மாறியது. சரியாக 25 டிகிரி தீட்டிய மலிவு உளி, தீட்டாத உசத்தி உளியை எந்நாளும் தோற்கடிக்கும்.

ரம்பத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு மலிவுக்கே போவேன். பல்முனையை மட்டும் நீலம் பாயும்படி கடினமாக்கிய ரம்பங்கள் வாங்கிய அன்றே அருமையாக அறுக்கும். மழுங்கினால் தீட்ட முடியாது. அரம் போட்டால் அரம்தான் தேயும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். விலைகூடிய பழைய பாணி ரம்பத்தை வாழ்நாள் முழுக்கத் தீட்டலாம், தீட்டத் தெரிந்தால். தெரியாதவர் கையில் அது ஆறு மாதத்தில் சுவர் அலங்காரம்.

அளவுக் கருவி: வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம்

ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி அறையின் அதே பக்கமாக, அதே அளவில் நின்றால் அது சரியான மட்டம், விலை என்னவானாலும். மூலைமட்டத்துக்கும் இதே வித்தை: நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு, புரட்டிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் விலகாமல் ஓடினால் வாங்கலாம். டேப்பில் ரோம எண்ணில் வகுப்பு போட்டிருக்கும்: இரண்டாம் வகுப்பு 5 மீட்டரில் 1.3 மி.மீ. வரை தவறலாம், முதல் வகுப்பு 0.6 வரை. வீட்டு வேலைக்கு இரண்டாவது தாராளம். முனைக் கொக்கி ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். கொக்கியின் தடிமனை ஈடுகட்ட வேண்டுமென்றே ஆட விட்டிருக்கிறார்கள்.

எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சில், குறித்த பலம் வந்ததும் 'கிளிக்' என்னும் வகைக்கு 5000 முறை அல்லது 12 மாதத்துக்கு ஒருதடவை அளவு சரிபார்ப்பு என்பது ஐ.எஸ்.ஓ. 6789 காட்டும் வழி. வீட்டில் யாரும் செய்வதில்லை. அதனால் எப்போதாவது பயன்படுத்துபவர் மலிவான, ஊசி காட்டும் தண்டு வகையை வாங்குவதே புத்தி. ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். விலகியிருந்தால் கையாலேயே வளைத்து நேராக்கலாம்.

வாழ்நாள் உத்தரவாதமும் மூன்றாவது வழியும்

உடைந்தால் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதி, நாள் முழுக்க ஸ்பேனர் பிடிப்பவருக்குப் பெரிய சொத்து. மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறப்பவர் கருவியை உடைப்பதைவிடத் தொலைப்பதுதான் அதிகம். தொலைந்ததற்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை. இரவல் கொடுக்கவென்றே நான் ஒரு மலிவு செட் வைத்திருக்கிறேன்.

மலிவும் வேண்டாம், புதிதின் விலையும் கட்டாது என்பவர் பழைய நல்ல கருவியைத் தேடலாம். இரும்பு இழைப்புளி இதற்குத் தோதான பொருள். இதை வடிவமைத்த லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மேல்துரு பயமுறுத்தும், ஆனால் தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது இரண்டு: அடித்தட்டில் வாய்க்குப் பக்கத்தில் முடிபோல விரிசல் ஓடுகிறதா, வெட்டும் தகட்டில் நடுப்பிளவு வரைக்கும் தீட்டுவதற்கு இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது.