மெயின் ஜெட் புராணமும் கால்வாசித் திணறலும்

என் பைக்கில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரின் டயாஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, ஓட்டையாகி, புதிது மாட்டியிருக்கிறேன். வண்டி பிரிந்து கிடந்த சாக்கில், நீண்ட நாளாக எழுத நினைத்ததை எழுதிவிடுகிறேன். காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், சிவி (வெற்றிடத்தால் இயங்கும்) வகைக் கார்புரேட்டர். ஏர்பாக்ஸ், அதாவது கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டி, இருந்த இடத்தில் கூம்பு மாதிரியான ஓப்பன் ஃபில்டர், தடை குறைந்த சைலன்சர், இரண்டுக்கும் ஈடுகொடுக்கப் பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு). எல்லாம் வீட்டிலேயே செய்தது. அப்படியே சில வருடங்கள் ஓட்டியும் ஆயிற்று. எதை எப்படிக் கழற்றுவது என்று இங்கே விளக்கப்போவதில்லை. மாற்றியபின் கூடவே வாழ்வது எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு த்ராட்டிலில் வண்டியின் குணமே மாறிவிட்டது. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் கடைசி வரை திருகினால், முன்பெல்லாம் ஓரிடத்தில் மூச்சு முட்டும். இப்போது விடாமல் இழுக்கிறது. உறிஞ்சும் சத்தம் கூடியதால் வேகமும் கூடியதாகத் தோன்றுகிறது என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. நியாயமான கிண்டல்தான். ஆனால் கியரைக் குறைத்து ஏறிய அதே மேட்டை இப்போது குறைக்காமல் ஏறுகிறது, அதைச் சத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஓப்பன் ஃபில்டரை மாட்டிவிட்டுப் பழைய ஜெட்டையே வைத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை லீன். முழுச் சுமையில் லீனாக ஓடும் இன்ஜின் சூடேறிக்கொண்டே போகும், கடைசியில் அடி வாங்குவது பிஸ்டன்.

ஜெட் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. கெய்ஹின் என்ற கார்புரேட்டர் கம்பெனியின் மெயின் ஜெட்டில் 110 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 1.10 மில்லிமீட்டர். 120க்குப் போனால் விட்டம் 9 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் துளையின் பரப்பு 19 சதவீதம் கூடிவிடுகிறது. எண்ணைப் பார்த்தால் சின்னத் தாவல், பெட்ரோலுக்கு அது பெரிய தாவல். இன்னொரு கம்பெனியான மைக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் எண், பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது, விட்டத்தை அல்ல. அதனால் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிட்டு ஜெட் வாங்கக் கூடாது.

சரி, இப்போது என் குடைச்சலுக்கு வருகிறேன். ஊர்ப்பட்ட பேர் மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் மெயின் ஜெட்டில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. நம்பாதவர்கள் ஒன்று செய்து பாருங்கள். த்ராட்டில் கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். பக்கத்திலுள்ள ஸ்விட்ச் பெட்டியில் ஒரு ஒற்றைக் கோடு. ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள், கை எந்தக் கோட்டில் இருந்தது என்று. என் கை பெரும்பாலும் கால் கோட்டைத் தாண்டவே இல்லை. அந்த இடத்தில் அதிகாரம் பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டுக்கும், அதன் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கும்தான். அதிலிருந்து முக்கால் வரை, ஏறி இறங்கிப் பெட்ரோல் வழியை அகட்டிச் சுருக்கும் ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ராஜ்யம் தொடங்குகிறது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், வெட்டி வைத்த மாதிரி இருக்காது. ஆனாலும் வரிசை இதுதான்.

என் வண்டி திணறுவது சரியாக அந்தக் கால் கோட்டில். நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஒரு குறையும் இல்லை. மூன்றாவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருப்போம், முன்னால் வழி கிடைக்கும், லேசாகத் திருகுவோம். அரை நொடிக்கு ஒன்றும் நடக்காது. பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு தயக்கம், அப்புறம் ஒரு இழுப்பு. ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் எத்தனையோ தடவை வரும். ஏர்பாக்ஸ் இருந்த காலத்தில் இது இல்லவே இல்லை.

சிவி கார்புரேட்டரில் நம் கை திறப்பது பட்டாம்பூச்சி வால்வை மட்டும். ஊசியைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்லைடை ஏற்றுவது வெற்றிடம். டயாஃப்ரத்தின் கீழ்ப் பக்கத்துக்குக் கார்ப் வாய்ப் பக்கத்துக் காற்று வருகிறது. மேல் பக்கத்துக்கு, ஸ்லைடின் அடியில் இருக்கும் துளை வழியாகத் தொண்டைப் பகுதியின் குறைந்த அழுத்தம் போகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடைத் தூக்குகிறது. கார்ப் வாயைச் சுற்றி இருக்கும் பொடித் துளைகள் சும்மா இல்லை, டயாஃப்ரத்துக்கும் ஏர் ஜெட்டுகளுக்கும் அவைதான் மூக்கு. ஏர்பாக்ஸ் அந்த மூக்குக்கு அலையில்லாத, அமைதியான காற்றைக் கொடுத்தது. ஓப்பன் ஃபில்டரில் பக்கவாட்டுக் காற்று அடித்தாலும் அந்த அழுத்தம் ஆடுகிறது. சில ஃபில்டர்களின் ரப்பர் விளிம்பு அந்தத் துளைகளையே மூடிவிடும். ஜெட் மாற்றக் கிளம்புவதற்கு முன்னால் அதைக் குனிந்து பாருங்கள். என்னுடையது மூடவில்லை, அதனால் அந்தச் சுலபமான தீர்வும் எனக்குக் கிடைக்கவில்லை.

திணறல் லீனா ரிச்சா (பெட்ரோல் குறைவா கூடுதலா) என்று பார்க்கப் பழைய வழி ஒன்று போதும். திணறும்போது, கலவையை ரிச்சாக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சரியானால் லீன், மோசமானால் ரிச். எனக்கு லீன் என்று தெரிந்தது. மிக்ஸர் ஸ்க்ரூவின் மேல் கம்பெனி வைத்திருந்த பித்தளை மூடியைத் துளையிட்டு எடுக்க வேண்டியிருந்தது. அந்த மூடி மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது, அதைத் தொடுவது பல நாடுகளில் சட்டத்துக்கு விரோதம் என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் அது பெட்ரோல் கலவைக்கானது, வெளியே திருகத் திருக ரிச்சாகும். ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ, வெளியே திருகினால் லீனாகும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு சண்டை போடுபவர்கள் ஏராளம். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடில் (த்ராட்டிலைத் தொடாதபோது ஓடும் வேகம்) அதிகமாக ஏறும் இடத்தைத் தேடி, அங்கே ஸ்க்ரூவை நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தும் இன்னும் கேட்கிறது என்றால் பைலட் ஜெட்டே சிறிது. என் வண்டி கேட்டது. ஒரு அளவு பெரியது போட்டேன். ஐடில் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, காலையில் சோக் தேவைப்படும் நேரமும் குறைந்தது. திணறல் பாதியானது. பாதிதான்.

மீதிக்கு ஊசி. கம்பெனி ஊசியில் கிளிப் ஏற்றி இறக்கக் காடிகள் கிடையாது, ஒரே இடம்தான். அதனால் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் வைத்து ஊசியை உயர்த்த வேண்டும். வாஷர் வைத்தால் அதிகாலைக் குளிரில் வண்டி வெண்ணெய். மதிய வெயிலில், காற்று லேசாகிவிடுவதால், அதே இடத்தில் ரிச்சாகி மந்தமாகிறது, மைலேஜும் இறங்குகிறது. எடுத்துவிட்டால் மதியம் நன்றாக இருக்கிறது, காலையில் மறுபடி செருமல். இதைவிட மெல்லிய வாஷரும் வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு வேளையிலும் கொஞ்சம் கொஞ்சம் திணறியது, சமத்துவம் மட்டும் கிடைத்தது.

டயாஃப்ரம் ஓட்டையானதும் இதே கதையைத்தான் சொன்னது. ரப்பருக்கு வயதாகி ஊசிமுனை அளவில் துளை விழுந்தால் ஸ்லைடு முழுசாக ஏறாது, மேல் வேகம் போய்விடும். என் வண்டியில் அது எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. முந்துவதற்காகக் கடைசி வரை திருகிய ஒரு நாளில்தான் இழுவை இல்லை என்று உறைத்தது. அதுவரை தினசரி ஓட்டத்தில் குறை தெரியவே இல்லை. ஏனென்றால் அந்த உயரத்துக்கு ஸ்லைடை நான் கூப்பிடுவதே அபூர்வம். எந்த முன்னேற்றத்துக்காக ஏர்பாக்ஸைக் கழற்றினேனோ, அது காணாமல் போனதே எனக்குத் தெரியவில்லை. திணறல் மட்டும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

இன்னொரு ஆத்திரமும் உண்டு, கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள். ஜப்பானியக் கார்புரேட்டரில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) தலை. பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். மெல்லிய பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இப்படி ஒரு தலையை வைத்தவர்களுக்கு என்ன மனசோ. ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்குங்கள், மற்ற எல்லா ட்யூனிங் சாமான்களுக்கும் முன்னால். கிண்ணத்தைத் திறந்தபின் ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தமில்லை. டயாஃப்ரத்தையும் ஓ-ரிங்கையும் எடுத்து வைத்துவிட்டு க்ளீனர் ஸ்ப்ரே அடியுங்கள்.

இதே வண்டி வைத்திருக்கும் நண்பன் கேட்டான், ஓப்பன் ஃபில்டரும் ஜெட்டும் போடலாமா என்று. வேண்டாம் என்றேன். கணக்குப் பார்த்தால் ஏர்பாக்ஸ் ஜெயிக்கிறது: தினமும் தொடும் கால்வாசியில் சுகம், வருடத்துக்குச் சில முறை தொடும் முழு த்ராட்டிலில் கொஞ்சம் நஷ்டம். அப்படியானால் உன் வண்டியில் ஏன் இன்னும் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டான். புது டயாஃப்ரம் மாட்டி மேட்டில் ஒரு தடவை கடைசி வரை திருகிப் பார்த்தேன், அதனால்தான். ஏர்பாக்ஸ் பரணிலேயே இருக்கட்டும். அடுத்த ஊசி வாஷருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவனுக்கு வேறு ஒன்றும் சொன்னேன். அவன் வண்டி த்ராட்டிலை மூடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறதாம், அதை வைத்துத்தான் ஜெட் மாற்றும் யோசனையே வந்திருக்கிறது. முதலில் கார்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் (பூட்) விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும், அப்புறம் சைலன்சர் இணைப்பின் கேஸ்கெட். அந்தக் குழாயில் கசிந்தால் ஐடில் நிலையாக நிற்காது, மூடிய பிறகும் ஆர்பிஎம் இறங்கத் தாமதிக்கும். இரண்டில் ஒன்று கசிந்தாலும் எந்த ஜெட்டும் அந்த வெடிப்பை நிறுத்தாது.