தொடக்கப் பள்ளிக்குக் கலை அறை அமைத்துத் தரும் சேவை: ஒரு கல்வியாண்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

பெரம்பூர்ப் பகுதியில் உள்ள எங்கள் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைச் சென்ற கோடை விடுமுறையில் கலை அறையாக மாற்றினோம். முன்னாள் மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தைக் கொண்டு, பள்ளிகளுக்கென்றே அறைகளை வடிவமைத்துத் தரும் சென்னை நிறுவனம் ஒன்றிடம் முழு வேலையையும் ஒப்படைத்தோம். வரி நீங்கலாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஆனது. அலமாரிகள், மேசைகள், முக்காலிகள், கை கழுவும் தொட்டி, விளக்குகள், சுவர் அலங்காரம், முதல் பருவத்துக்கு வேண்டிய வண்ணமும் தாளும் என எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நகரில் இதே போன்ற தொகுப்பை வேறு சிலரும் விற்கிறார்கள் என்பதால், வாங்க எண்ணும் தலைமையாசிரியர்களுக்குப் பெயரைவிட விவரமே பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள்களை ஒழுங்காக அடுக்கி வைப்பதற்கான தச்சு வேலையில் இவர்கள் கெட்டிக்காரர்கள், அலங்காரம் என்ற பெயரில் இவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதியை நாங்கள் கழற்றிவிட்டோம்.

நல்லதிலிருந்து தொடங்குவோம். ஆறு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர்தான். பெரும்பாலான பள்ளிகளில் வண்ணப்பெட்டிகள் பீரோவுக்குள் பூட்டப்பட்டு, சாவி ஆசிரியரின் கைப்பையில் இருக்கும். ஒரு தூரிகை வேண்டுமென்றாலும் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். இங்கே அலமாரிகளின் மேல்தட்டே ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டவில்லை. அன்றாடம் எடுக்கும் பொருள்கள் கதவில்லாத திறந்த தட்டுகளிலும், ஆசிரியர் மட்டும் தொட வேண்டிய பேப்பர் கட்டர், ஃபெவிகால் பெரிய டப்பா போன்றவை சுவரின் மேற்பகுதியில் பூட்டுடன் கூடிய தனி அலமாரியிலும் இருக்கும்படி பிரித்துக் கொடுத்தார்கள். மேசைகளையும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் தாழ்வாகவும், மற்ற வகுப்புகளுக்குச் சற்று உயரமாகவும் இரண்டு அளவுகளில் செய்தார்கள். நாங்கள் கேட்காமலேயே செய்த இந்த ஒன்றுக்காகவே அவர்களுடைய வடிவமைப்பாளரைப் பாராட்ட வேண்டும்.

கத்திரிக்கோல் பலகை இந்த அறையிலேயே ஆகச் சிறந்த பொருள். துளையிட்ட பலகை ஒன்றில் முப்பது கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கும் பின்னால் கத்திரிக்கோலின் உருவம் கறுப்பு நிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. வகுப்பு முடியும்போது எங்காவது கறுப்பு உருவம் வெறுமையாகத் தெரிந்தால் ஒன்று குறைகிறது என்பது வாசலில் நின்று பார்த்தாலே புலப்படும். எண்ணிப் பார்க்கும் வேலையும், பிள்ளைகளின் பையைச் சோதிக்கும் சங்கடமும் இல்லை. இப்போது பிள்ளைகளே, மணி அடித்ததும், 'டீச்சர், ரெண்டு காணோம்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

தூரிகைகளுக்குக் கொடுத்த ஏற்பாட்டைப் பற்றி இதே அளவுக்குச் சொல்ல முடியவில்லை. அழகான மர உருளைகளில், கழுவிய தூரிகைகளை மயிர்ப்பக்கம் மேலாக நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஈரத்தோடு அப்படி நிறுத்தினால் தண்ணீர் உலோகக் கழுத்துக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் பசையை இளக்கிவிடும். காம்பும் ஊறி வண்ணப் பூச்சு உரியும். சில வாரங்களில் தலை தனியே, காம்பு தனியே கழன்று வரும். முதலில் படுக்க வைத்துக் காயவிட வேண்டும், காய்ந்த பிறகே நிறுத்த வேண்டும். அதற்காகத் தொட்டியை ஒட்டி ஒரு கம்பி வலைத்தட்டைச் சரிவாகப் பொருத்திக்கொண்டோம். மர உருளைகளில் இப்போது பென்சில்கள் இருக்கின்றன.

பெயர்ச் சீட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. தமிழ்வழிப் பள்ளி என்று சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் 'வன்னம்' என்றும் 'கத்திரிகோல்' என்றும் அச்சாகி வந்த சீட்டுகளை ஆசிரியர்கள் நடத்தும் அறையில் எப்படி ஒட்டுவது? கடைசியில் ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பொருளிலேயே ஒரு துண்டை ஒட்டிவிட்டோம்: கிரேயான் டப்பாவில் ஒரு கிரேயான் துண்டு, நூல் டப்பாவில் ஒரு சுருள் நூல், பொத்தான் டப்பாவில் ஒரு பொத்தான். எழுத்துக் கூட்டத் தொடங்காத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறது. கீழே தமிழ்ப் பெயரைக் கையால் எழுதியிருக்கிறோம்.

ஓவியங்களை உலர்த்தும் ரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தொகுப்பில் அதுதான் விலை கூடிய பொருள், அதை நம்பித்தான் பல பள்ளிகள் ஒப்புக்கொள்கின்றன. சக்கரம் வைத்த சட்டத்தில் கம்பித் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பிரிங்கில் நிற்கும். கீழ்த்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கித் தாளை வைத்துக்கொண்டே போகலாம். இடத்தை அடைக்காது, ஏ3 அளவுத் தாள்கள் தாராளமாக அமரும். ஜூலை, ஆகஸ்டில் இதில் எந்தக் குறையும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை மாறியது. தட்டுகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளிதான் என்பதால் காற்று உள்ளே போகவில்லை. காலையில் வைத்த போஸ்டர் கலர் ஓவியம் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது. தடித்துப் பூசிய நீலம் கீழே இருந்த தாளில் சொட்டி, யாரோ வரைந்த வீட்டின் கூரையில் குளம் கட்டியது. தீர்வு எளிது: மழை மாதங்களில் ஒன்றுவிட்டு ஒரு தட்டில் மட்டும் வைத்து, ரேக்கை மேசை விசிறிக்கு எதிரே நிறுத்தினால் பிற்பகலுக்குள் காய்ந்துவிடுகிறது. ஆனால் அப்போது அதன் கொள்ளளவு பாதியாகிவிடும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு இதை மட்டும் நம்புவது போதாது. குறுக்கே கட்டிய நைலான் கயிறும் துணி கிளிப்பும் எப்படியும் வேண்டும்.

கை கழுவும் தொட்டியில்தான் அவர்கள் சறுக்கினார்கள். தொட்டிக்குக் கீழே உள்ள பெட்டியைச் சாதாரண கமர்ஷியல் பிளைவுட்டில் செய்திருந்தார்கள். நவம்பருக்குள் அடிப்பலகை அப்பளம்போல் உப்பிவிட்டது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேட்டு வாங்க வேண்டும். ஐஎஸ் 303 என்று போட்டிருப்பது பொதுப் பயன்பாட்டுப் பலகை. இழுப்பறைகளின் சேனல்களும் துருப்பிடித்தன. புகார் சொன்ன பிறகு ஆள் வந்தது மழைக்காலம் முடிந்த பிறகுதான். மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பணம் கேட்கவில்லை. தொட்டியின் கழிவுநீர்க் குழாயில் வண்டல் பிடிக்கும் பொறி வைக்காததற்கு மட்டும் இன்றுவரை சரியான பதில் இல்லை. களிமண் கையைத் தொட்டியில் கழுவினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பது கலை அறை அமைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம். நாங்கள் களிமண் வகுப்பன்று இரண்டு வாளித் தண்ணீரை வாசலில் வைத்துவிடுகிறோம். மண் அடியில் தங்கியதும் மேல்நீரைச் செடிகளுக்கு ஊற்றுகிறோம்.

இனி அலங்காரம். ஒரு சுவருக்கு எலுமிச்சை மஞ்சள், ஒன்றுக்கு வான நீலம், ஒன்றுக்கு இளஞ்சிவப்பு. அவற்றின்மேல் வினைல் ஸ்டிக்கர்களில் பனி மூடிய ஊசியிலை மரங்கள், துருவக் கரடி, ஈஃபில் கோபுரம். கூரையிலிருந்து தெர்மாகோல் மேகங்கள். விளக்கப் புத்தகத்தில் படம் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த வெள்ளை மரத்தைக் காட்டி, 'இதுக்கு என்ன சீக்கு டீச்சர்?' என்று கேட்டாள்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதில் வேலைக்கே இடைஞ்சலான விஷயங்கள் இருக்கின்றன. அடர்ந்த மஞ்சள் சுவரில் பட்டு வரும் வெளிச்சம் அருகில் இருக்கும் வெள்ளைத் தாளையும் மஞ்சளாகக் காட்டும். பிள்ளை கலந்த நிறம் எது, சுவர் கொடுத்த நிறம் எது என்று பிரிக்க முடியாது. வரையும் இடத்துக்கு வெள்ளை அல்லது மிக வெளிர் சாம்பல் சுவரே ஏற்றது. அலங்காரம் மிகுந்தால் கவனம் சிதறும் என்பதற்கு ஆய்வும் உண்டு: அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையில் இருந்த மழலையர் வகுப்புக் குழந்தைகள் கூடுதலாகக் கவனம் சிதறினார்கள், பாடத்தையும் குறைவாகவே கற்றார்கள். ஓவிய வகுப்பும் வகுப்புதானே.

தெர்மாகோல் மேகங்களை முதல் வாரத்திலேயே இறக்கினேன். விளக்குகளை ஒட்டித் தொங்கிய அவை எளிதில் தீப்பற்றக் கூடியவை. 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில், பிள்ளைகளின் தலைக்கு மேலே இப்படி ஒன்றைக் கட்டித் தொங்கவிட யாருக்கும் மனம் வரக் கூடாது. வினைல் ஸ்டிக்கர்களை நாங்கள் உரிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை; சுவரில் ஈரம் ஏறியதும் ஓரங்கள் சுருண்டு, சுண்ணாம்புப் பூச்சோடு அவையே கீழே விழுந்தன.

இதற்கெல்லாம் மாற்று நம் ஊரிலேயே நடைமுறையில் இருந்ததுதான். சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டபோது, வகுப்பறைச் சுவர்களின் அடிப்பகுதியைப் பிள்ளைகள் எழுதும் கரும்பலகையாக மாற்றி, தலைக்கு மேலே கம்பி கட்டி, அவர்கள் வரைந்தவற்றைத் தொங்கவிட்டார்கள். பிறகு அது மாநிலம் முழுவதற்கும் போயிற்று. பாடத்திட்டங்கள் மாறிவிட்டாலும், சுவரின் கீழ்ப்பகுதி பிள்ளைக்குச் சொந்தம் என்ற அந்த ஏற்பாட்டைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. நிறுவனம் பூசிய இளஞ்சிவப்புச் சுவரில் மூன்றடி உயரம் வரை கரும்பலகைப் பெயின்ட் அடித்தோம். மார்கழியில் அது முழுவதும் புள்ளி வைத்த கோலங்களால் நிறைந்திருந்தது. மற்ற இரு சுவர்களையும் வெள்ளையாக்கி, ஒன்றில் மட்டும் சாஃப்ட் போர்டு வைத்தோம். அதில் ஒரு நேரத்தில் ஒரு வகுப்பின் ஓவியங்கள் மட்டுமே இருக்கும், இரண்டு வாரத்துக்கொருமுறை மாறும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வடக்கு சன்னல் பக்கம் மேசைகளைப் போட்டால் நேர் வெயில் வராது என்றார்கள். ஐரோப்பிய ஓவியக் கூடங்களுக்கு அது பொருந்தும். 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கும் சென்னையில், ஏப்ரல் கடைசியில் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்ட் நடுவில் திரும்பவும் உச்சிக்கு வரும்வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் காலை வெயில் வடக்கு சன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே விழுகிறது. அகலமான சன்ஷேடும் ஒரு வெள்ளைக் காடாத் துணித் திரையும் இருந்தால் சமாளிக்கலாம். விளக்குகள் நல்ல தரம்: 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் சாயாத வெள்ளை வெளிச்சம்), நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90-க்கு மேல். கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்இடி குழல்களில் இது 80 அளவில்தான் இருக்கும்; சிவப்பும் பழுப்பும் மங்கித் தெரியும். இந்தச் செலவில் கை வைக்க வேண்டாம்.

தாளும் வண்ணமும் அடங்கிய பருவப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளைத்தான் 'ஓவியத் தாள்' என்று அனுப்பினார்கள்; தண்ணீர் பட்டதும் அது சுருண்டுவிடும். போஸ்டர் கலருக்கு 120-க்குக் குறையாமலும், வாட்டர் கலருக்கு 200-க்கு மேலும் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இந்தத் தாள்களை மொத்தமாக வாங்கி, கேட்ட அளவுக்கு வெட்டியும் பெறலாம். பள்ளிக் கடிதம் கொண்டுபோனால் பேரம் எளிதாகும். உருவங்கள் செய்ய அவர்கள் கொடுத்த வாசனை மாவுக்குப் பதிலாகப் புரசைவாக்கம் கொசப்பேட்டையில், விநாயகரும் கொலுப் பொம்மையும் செய்பவர்களிடம் பிசைந்த களிமண் வாங்குகிறோம். ஈரச் சாக்கில் சுற்றி மூடிபோட்ட வாளியில் வைத்தால் வாரக்கணக்கில் இறுகாது. வண்ணம் கலக்கும் தட்டுகளும் பெட்டியில் இருந்தன, ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை; துளையில்லாத எவர்சில்வர் இட்லித் தட்டு அந்த வேலையை அருமையாகச் செய்கிறது, கழுவுவதும் எளிது.

பேரம் பேசும்போது தச்சு வேலை, விளக்கு ஆகிய இரண்டுக்கு மட்டும் தனி விலை கேளுங்கள். எங்களுக்குப் பின் விசாரித்த அக்கம்பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அப்படிப் பிரித்துக் கொடுக்க இதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. மரச்சாமான்களில் அடிக்கும் பெயின்டுக்கு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்புக்கு உட்பட்டது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். பெயின்ட் வாடை அடங்க நேரம் வேண்டுமாதலால் மே முதல் வாரத்துக்குள் வேலை முடிய வேண்டும். தொகையில் ஐந்தில் ஒரு பங்கை டிசம்பர் வரை நிறுத்தி வைக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பலகை உப்புவதும் சேனல் துருப்பிடிப்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.