மரவள்ளித் தேமல்: மருந்தா, ரகமா, நாற்றங்காலா?

டெல்டாவில் தேமல் என்றால், அதாவது இலையில் மஞ்சள் திட்டு விழும் வைரஸ் நோய் என்றால், முதலில் உளுந்துதான் நினைவுக்கு வரும். சம்பா அறுவடைக்குப் பின் முளைத்த உளுந்து மஞ்சளாகப் பளிச்சிடத் தொடங்கியதும், வெள்ளை ஈயைத் திட்டிக்கொண்டே தெளிப்பானைத் தோளில் மாட்டுவது நமக்குப் பழகிய வேலை. வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் நிற்கும் மரவள்ளிக்கும் அதே தெளிப்பானோடு போகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பயிரிலும் நோயைச் சுமப்பது வெள்ளை ஈதான். ஆனால் வைரஸ்கள் வேறு. உளுந்துக்கு விதை தெளிக்கிறோம், மரவள்ளிக்குக் குச்சி வெட்டி நடுகிறோம். போன ஆண்டுச் செடியில் இருந்த வைரஸ் அந்தக் குச்சிக்குள் உட்கார்ந்தபடியே இந்த ஆண்டு வயலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நம் பக்கத்து மரவள்ளியைத் தாக்கும் வைரஸ்கள் இரண்டு. ஒன்றுக்கு இந்தியப் பெயர், மற்றொன்றுக்கு இலங்கைப் பெயர். பெயரை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது. இலங்கைப் பெயர் கொண்டது தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 2015இல் அது கம்போடியாவில் தென்பட்டது. பிறகு வியட்நாமிலும் தாய்லாந்திலும் பரவியது. அத்தனை தூரத்தையும் ஈ பறந்தே கடந்தது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மருந்து. ஆப்பிரிக்கத் தேமல் வைரஸை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, நோயுற்ற செடியிலிருந்து வைரஸை எடுத்துக்கொள்ள ஈக்கு மூன்றரை மணி நேரம் போலத் தேவை. அதை அடுத்த செடியில் இறக்கிவிடவோ பத்து நிமிடம் போதும். பக்கத்து வயலிலிருந்து வைரஸோடு வரும் ஈ, மருந்து பட்டுச் சாவதற்குள் தன் வேலையை முடித்துவிடும். ஏற்கெனவே நோயுற்ற செடியை எந்த மருந்தும் தேற்றாது. மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈ வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். மூன்று வழிகளில் மருந்துக்குத்தான் நான் கடைசி இடம் கொடுப்பேன், செலவு கண்முன் தெரிகிற வழியும் இதுவே என்றாலும்.

அடுத்தது ரகம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-226 நன்றாக விளையும். தேமலுக்கு எளிதில் பணிந்தும் விடும். தாங்கும் குணம் நைஜீரியாவிலிருந்து வந்தது. அந்த நாட்டிலிருந்து கொண்டுவந்த மரவள்ளிதான் இங்கே ஸ்ரீ பத்மநாபா ஆனது. பின்னர் ஸ்ரீ ரக்ஷா, ஸ்ரீ சக்தி, ஸ்ரீ சுவர்ணா ஆகியவை வந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் நாட்டு ரகங்களில் இருந்த சி.எம்.டி.2 என்ற எதிர்ப்புத் தன்மை எந்த மரபணுவில் இருக்கிறது என்பது 2022இல்தான் தெளிவானது. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதிக்கான மரபணு அது.

ரகம் வலுவான பதில்தான். சேலம், நாமக்கல் போல வயலுக்கு வயல் மரவள்ளியே நிற்கும் இடத்தில் அதைத்தான் முதலில் சொல்வேன். அங்கே சேகோ (ஜவ்வரிசி) ஆலை மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடும். ருசி யாருக்கும் கவலை இல்லை. தஞ்சாவூர்ச் சந்தையில் கிழங்கு வாங்குகிறவர் அதை வேகவைத்துத் தின்னப் போகிறார். பூப்போல வேகவில்லை என்றால் அடுத்த வாரம் அந்த வியாபாரி உங்களிடம் வரமாட்டார். ஆகவே புது ரகத்தைப் பத்துக் குச்சி நட்டு, வேகவைத்துத் தின்று பார்த்த பிறகே ஏக்கருக்குப் போக வேண்டும்.

மூன்றாவது நாற்றங்கால். சலிப்பான வேலை, ஆனால் நம் ஊருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். குச்சியை நேரே வயலில் ஊன்றாமல், சிறு கரணைகளாக வெட்டி நிழல்வலையின் கீழ் நெருக்கமாக நடவேண்டும். மூன்று வாரம் போல விட்டுவைத்து, இலையில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் காட்டுகிறவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மீதியை மட்டும் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு கணுக் கரணையாக வெட்டினால் குச்சியும் மிச்சம். வழக்கமான முறையில் ஒரு செடியிலிருந்து பத்துச் செடி. இந்த முறையில் அறுபது. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு 4,840 செடி வேண்டும். பழைய கணக்கில் 484 தாய்ச்செடி தேட வேண்டும், இதில் 81 போதும். எண்பத்தொரு நல்ல செடியை ஒரே காலையில் நடந்து பார்த்துத் தேர்ந்துவிடலாம்.

ஆனால் எந்தக் காலையில் என்பது முக்கியம். கிழங்கு தோண்டும் நேரத்தில் இலை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். மொட்டைக் குச்சியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. நட்ட மூன்றாம் மாதமே தளிரைப் புரட்டிப் பார்த்து, சுத்தமான செடியில் துணி கட்டிவிட வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. உள்ளே வைரஸ் இருந்தும் மூன்று வாரத்தில் முகம் காட்டாத கரணை தப்பிவிடும். வயலில் முதல் இரண்டு மாதம் கண் வைத்து, தேமல் கண்டதைப் பிடுங்கத்தான் வேண்டும். வளர்ந்த பிறகு ஈயால் தொற்றினால் இழப்பு குறைவு. குச்சியோடே வந்த நோய்தான் கிழங்கைக் கெடுக்கும். டெல்டாவில் நெல் நடுவே மேட்டுத் திட்டுகளில் மரவள்ளி சிதறி நிற்பதால் சுத்தமான குச்சி இங்கே நெடுநாள் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். சேலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நல்ல விளைச்சல் எடுத்தால் பக்கத்து வயல்காரர் ஒரு கட்டுக் குச்சி கேட்பார். அவருக்கும் துணி கட்டிய செடியிலிருந்தே வெட்டிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவர் வயல் ஈதான் உங்கள் வயலுக்கு வரும்.