இணைவு உலைக்குள் ரோபோ: பார்த்தால் போதுமா, தொட வேண்டுமா?

அணுக்கரு இணைவு உலையின் உட்சுவரில் ஓர் ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளை இறக்க முடியாது. டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜன் வகைகளை எரிபொருளாகப் போட்டு ஓட்டிய உலையில் நியூட்ரான்கள் பட்டுப் பட்டு எஃகே கதிர்வீச்சை வெளியிடத் தொடங்கியிருக்கும். சில உலைகளில் பெரிலியம் என்ற உலோகத்தின் தூசியும் உண்டு. அது நுரையீரலைக் கெடுத்துவிடும். சரி, ரோபோதான். எந்த ரோபோ?

பிரிட்டனில் கல்ஹாமில் 1983 முதல் 2023 வரை இயங்கிய ஜெட் உலையில் மாஸ்காட் என்ற ரோபோ இருந்தது. பல மூட்டுகள் கொண்ட நீண்ட தூக்குக்கையின் நுனியில் இரண்டு கரங்கள். வேறொரு அறையில் இருப்பவர் அதே போன்ற இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். போல்ட்டைத் திருகும்போது அதன் இறுக்கம் அவர் கைக்கே வந்து சேரும். மரை நேராக ஏறுகிறதா, கோணலாகக் கடிக்கிறதா என்பது படத்தில் தெரிவதற்கு முன்பே விரலில் தெரிந்துவிடும். 1998இல் உலையின் அடியில் சூட்டையும் கழிவையும் வாங்கிக்கொள்ளும் டைவர்ட்டர் என்ற பகுதியை ஆள் இறங்காமலே மாற்றினார்கள். ஓர் ஓடு ஆடுகிறதா என்று கேட்டால், தொட்டுப் பார்க்கும் கைக்கு ஈடு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதற்காக உலைக்குள் எப்போதும் காக்கப்படும் வெற்றிடத்தை உடைத்துக் காற்றை உள்ளே விட வேண்டும். சுவரில் ஈரம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடேற்றி, உறிஞ்சி, சுத்தம் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும். ஒரு படம் எடுப்பதற்கு இது அதிகப்படியான விலை.

பிரான்சின் கடராஷில் டோர் சூப்ரா உலைக்குச் செய்த கை இந்த விலையைத் தவிர்த்தது. ஐந்து துண்டுகள், 8 மீட்டர் நீளம், நுனியில் கேமரா. வெற்றிடம் கலையாமல், 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் உலைக்குள் பாம்பு போல நுழையும். கஷ்டமும் அதில்தான். காற்று இல்லாததால் கேமராவின் சூடு தானாக வெளியேறாது. சாதாரண எண்ணெய் போட்டால் ஆவியாகி உலையை அசுத்தமாக்கும். ஒரு முனையில் மட்டும் பிடிப்பு இருப்பதால் கை தன் எடையாலேயே தொய்யும். நுனி சரியாக எங்கே இருக்கிறது என்பதையே தனியாகக் கணக்கிட வேண்டும்.

கடராஷிலேயே எழும் ஈட்டர் உலைக்கு லேசர் முறையைத் திட்டமிட்டார்கள். கருவி சுவரை லேசரால் வருடிப் படத்தையும் தூரத்தையும் சேர்த்தே எடுக்கும். தேய்மானத்தை அளக்க இது அருமையான வழி. நேர்ப்பார்வைக்கு மறைந்த இடம் மட்டும் தப்பிவிடும்.

என் கையில் முடிவு இருந்தால், வழக்கமான சோதனைக்கு லேசர், மறைவிடங்களுக்குப் பாம்புக்கை, பழுது உறுதியான பிறகே மாஸ்காட் போன்ற கரம். அதற்கும் முன்னால் வடிவமைப்பாளரிடம் ஒன்றைக் கேட்பேன்: உள்ளே போன பிறகு மோட்டார் செத்துவிட்டால், ஆள் போக முடியாத அந்த இடத்திலிருந்து இதை எப்படி வெளியே இழுப்பீர்கள்?